ஒரு திராட்சை, நாலு மாசம், ஒரு பொய்

முதல்லயே சொல்லிடறேன். நான் எல்கேஜியில இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப் பிழை, சந்திப் பிழை எல்லாம் எடிட்டர் டீம் திருத்தினது போக மிச்சம் இருந்தா அது என்னோட சொத்து. இதை இங்கிலீஷ்லதான் முதல்ல எழுதிப் பார்த்தேன். ரெண்டு பாராவுல லேப் ரிப்போர்ட் மாதிரி ஆயிருச்சு. அழிச்சிட்டேன்.

எனக்கு ஒரு திறமை உண்டு. ரெஸ்யூமேல போட முடியாத திறமை. எங்க வீட்டு கேட்டைத் திறந்து ஒருத்தர் உள்ள வந்தா, அவர் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள, குடிச்சிருக்காரா, எவ்வளவு குடிச்சிருக்காரு, அதை மறைக்க சோம்பு மென்னாரா இல்ல பாக்கு போட்டாரா, எல்லாத்தையும் சொல்லிடுவேன். எட்டாவது படிக்கும்போதே இதுல நான் எக்ஸ்பர்ட். கேட் சத்தம் கேட்டதும் ஹோம்வொர்க் நோட்டை மூடிட்டு வாசப்படிகிட்ட போய் நிப்பேன். மோந்து பார்த்துட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா என் மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சுக்குவாங்க, இன்னைக்குச் சாப்பாடு நேரத்துக்கு வைக்கணுமா, தம்பியைச் சீக்கிரம் தூங்க வைக்கணுமான்னு.

அந்த ஒருத்தர் எங்கப்பா. கம்பத்துல லோடு வண்டி ஓட்டுறாரு. சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் தோட்டங்கள்ல இருந்து பன்னீர் திராட்சை ஏத்தி மதுரைக்கும், குமுளி வழியா கேரளாவுக்கும் போவாரு. இப்ப குடிக்கிறதில்ல. ஒரு வருஷம் எட்டு மாசம் ஆச்சு. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.

இனிமே திராட்சைக்கு வர்றேன்.

ஏழாவது செமஸ்டருக்கு நான் எக்ஸ்சேஞ்ச்ல ருமேனியா போனது உங்கள்ல சில பேருக்குத் தெரியும். ஊர் பேரு யாஷ். கேஜிஎஃப் ஹீரோ இல்லைங்க, ஊர். நாட்டோட வடகிழக்கு மூலையில, மால்டோவா எல்லைக்குப் பக்கத்துல இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி அங்கிருந்து ஒரு ப்ராஜெக்ட் லிஸ்ட் வந்துச்சு. கழிவுநீர், பாலிமர், பயோடீசல்னு எல்லாம் நம்ம சீனியர்ஸ் பண்ணிப் பண்ணித் தேஞ்ச டாபிக். ஒண்ணுல மட்டும் வாசனைச் சேர்மங்கள், ஜிசி-எம்எஸ்னு போட்டிருந்தது. அந்த மிஷினை நான் அதுவரைக்கும் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னுதான் பார்த்திருக்கேன். உடனே டிக் பண்ணிட்டேன். பக்கத்துல "தமியோவாசா ரொமனியாஸ்கா"ன்னு ஒரு பேரு. ஏதோ பூ போலன்னு நெனச்சேன். அது ஒயின் திராட்சைன்னு தெரியும்போது விசா ஸ்டாம்ப் அடிச்சு கைக்கு வந்திருச்சு.

வீட்டுல என்ன ப்ராஜெக்ட்னு கேட்டாங்க. "திராட்சை ஜூஸ்மா. அதோட வாசனையைப் பத்தி" அப்படின்னேன். பாதி உண்மை கலந்த பொய் நல்லா ஒட்டும். அப்பா முகத்துல ஒரே பெருமை. "நம்ம ஏத்துறது, புள்ள அங்க போய் படிக்குது"ன்னு மார்க்கெட் முழுக்க சொல்லிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? அப்ப அவர் நிறுத்தி ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. வீட்டுல அந்தப் பேச்சையே யாரும் எடுக்கிறதில்ல. டிவில குடிக்கிற சீன் வந்தா அம்மா ரிமோட்டைத் தேடுவாங்க. பொண்ணு நாலு மாசம் ஒயினுக்குள்ள இருக்கப்போறான்னு எந்த வாயால சொல்றது?

பேருக்கு அர்த்தம் சொல்றேன். ருமேனிய மொழியில "தமியே"ன்னா சர்ச்சுல புகைக்கிற குங்கிலியம். கேரளாவுல குந்திரிக்கம்னு சொல்வாங்களே, அது. நம்ம வீட்ல வெள்ளிக்கிழமை போடுற சாம்பிராணி வேற மரத்துப் பிசின், ஆனா வேலை ஒண்ணுதான். தமியோவாசான்னா அந்த வாசம் வீசுறது. ரொமனியாஸ்கான்னா ருமேனியாவோடது. சின்னச் சின்னக் காய், நெருக்கமான கொத்து, பழுத்ததும் வெயில் பட்ட பக்கம் மட்டும் தேன் நிறமாகும்.

ருமேனியாவோடதுன்னு பேர்லயே இருந்தாலும் இது அவங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல. உலகத்துலயே ரொம்பப் பழைய ஒயின் திராட்சைகள்ல ஒண்ணு, பிரான்ஸ்ல மஸ்கட் பிளாங் அ பெத்தி கிரேன்னு சொல்றதும் இதுதான். இத்தாலியில மொஸ்காத்தோ பியாங்கோ. ஹங்கேரியில ஷார்கா முஷ்கொதாய். பக்கத்து செர்பியாவுல தமியானிகா, பல்கேரியாவுல தமியாங்கா, அங்கேயும் அதே குங்கிலியப் பேருதான். நம்ம ஊர்ல பத்து ஊர்க்காரங்க ஒரே குலசாமியை எங்க சாமின்னு சொல்ற மாதிரி. என் கைடு மேடம்கிட்ட இதைச் சொன்னேன். "எங்க மண்ணுல ரொம்ப காலமா இருக்கு, எங்க பேர்ல கூப்பிடுறோம், அது போதாதா?"ன்னு கேட்டாங்க. போதும்தான்.

போன முதல் வாரமே ஒரு கூத்து. அக்டோபர் ஆரம்பம், அறுவடை சீசன். சந்தையில பழைய பிளாஸ்டிக் பாட்டில்கள்ல கலங்கலா ஒரு ஜூஸ் வெச்சு வித்துட்டிருந்தாங்க. "முஸ்த், முஸ்த்"னு கூவுறாங்க. ரூம்மேட்டுக்கு லெக்சர் இருந்ததால நான் மட்டும் தனியா போயிருந்தேன். பாட்டில் மூடி சரியா திருகாம லூசா இருந்தது. ஏமாத்துறாங்கன்னு நெனச்சு நானே இறுக்கித் திருகினேன். ஹாஸ்டல் வந்து திறந்தா புஸ்ஸுன்னு பொங்கி டேபிள் பூரா கொட்டிருச்சு. மிச்சத்தை ஒரு டம்ளர் குடிச்சேன். அவ்வளவு இனிப்பு, நாக்குல குறுகுறுன்னு ஒரு சோடா மாதிரி. ரெண்டாவது டம்ளர் ஊத்தும்போது ரூம்மேட் வந்தா. சிரிச்சிட்டே சொன்னா, "இது பாதி வழியில இருக்கிற ஒயின். ஈஸ்ட் வேலையை ஆரம்பிச்சிருச்சு, அதான் மூடியை இறுக்க மாட்டாங்க."

கெமிக்கல் இன்ஜினியரிங் நாலாவது வருஷம். ஃபெர்மென்டேஷன்ல கார்பன் டை ஆக்சைடு வரும்னு எத்தனை எக்ஸாம்ல எழுதியிருப்பேன்! எனக்கு உடம்பெல்லாம் ஆடிருச்சு. மூணு தடவை பல் தேய்ச்சேன். அன்னைக்கு ராத்திரி அம்மா வீடியோ கால் பண்ணினப்போ ஃபோனைத் தள்ளி வெச்சுப் பேசினேன். வீடியோ கால்ல வாசனை போகாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கேட்டுக்கு வெளிய நிக்கிறவங்க என்ன நெனைப்பாங்கன்னு அன்னைக்குத்தான் கொஞ்சம் தெரிஞ்சது.

அடுத்த வாரம் ஊரே நிறைஞ்சிருச்சு. அக்டோபர் 14 புனித பரஸ்கேவா திருநாள். அவங்களோட திருவுடல் 1641-ல இருந்து யாஷ்லதான் இருக்கு, இப்ப பேராலயத்துல. நாடு முழுக்க இருந்து ஜனங்க வந்து மணிக்கணக்கா, சில பேர் ராத்திரி முழுக்க குளிர்ல வரிசையில நிக்கிறாங்க. பழனி தைப்பூசம் பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. வரிசையில நிக்கிறவங்களுக்கு முட்டைக்கோஸ் இலையில சாதம் சுருட்டின சர்மாலே சுடச்சுட தர்றாங்க, அன்னதானமேதான். நிறைய பேர் கையில ஒரு சின்னச் செடிக் கட்டு. பேரு புசுயோக். மோந்து பார்த்தேன். நம்ம திருநீற்றுப்பச்சிலை! ஜிகர்தண்டா, ஃபலூடாவுல போடுற சப்ஜா விதை இருக்கே, அதோட செடி. அங்க தீர்த்தம் தெளிக்கிறதுக்கு அதைத்தான் வெச்சிருக்காங்க. கோயிலுக்குள்ள தமியே புகை, வெளிய புசுயோக் வாசம்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மால்டோவா பக்கம் இந்தத் திராட்சையை "புசுயோவாகா"ன்னும் கூப்பிடுவாங்க, புசுயோக் வாசம் உள்ளதுன்னு. அதாவது இந்தத் திராட்சையை முதல்ல மோந்து பார்த்த யாரோ ரெண்டு விவசாயிங்களுக்கு ரெண்டு பேரு தோணியிருக்கு, ரெண்டும் கோயில்ல இருந்து வந்திருக்கு. எனக்கு ஒயின்னு கேட்டதும் தோணுறது எங்க வீட்டு கேட். அவங்களுக்குக் கோயில். அந்த வரிசையில நின்னுட்டு இதை ரொம்ப நேரம் யோசிச்சேன்.

இப்ப கொஞ்சம் லேப். நம்ம டிபார்ட்மெண்ட் இல்லாதவங்க ஓடிடாதீங்க, சுருக்கமாத்தான் சொல்லப்போறேன்.

ஒயின் செய்யுற திராட்சைகள்ல முக்கால்வாசி, பழமா மோந்தா ஒரு வாசமும் பெருசா இருக்காது. ஈஸ்ட் வேலை செஞ்ச பிறகுதான் வாசனை வரும். மஸ்கட் குடும்பம் அப்படியில்ல. பழத்துல என்ன வாசமோ அதே ஒயின்லயும் வரும். காரணம் டெர்பீன் ஆல்கஹால்கள்: லினலூல், ஜெரனியால், நெரால், சிட்ரோனெல்லால். முக்கியமா தோல்லதான் இருக்கும். அதனால பிழியிறதுக்கு முன்னாடி சில மணி நேரம் தோலோட குளிர்ல ஊற விடுறாங்க. லினலூல் நமக்கு அந்நியம் இல்ல. கொத்தமல்லி விதை எண்ணெய்ல பாதிக்கு மேல அதுதான். புசுயோக்லயும் இருக்கு, மல்லிகைப்பூவுலயும் இருக்கு. ஜெரனியால்னா ரோஜா. ஒரு லிட்டர்ல சில பத்து மைக்ரோகிராம் லினலூல் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிரும். மஸ்கட்ல அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கு. குங்கிலியத்துல லினலூல் முக்கியமே இல்ல, அங்க ஆட்சி பைனீனோடது. பேரு வெச்ச விவசாயி கெமிஸ்ட்ரியில ஃபெயில். ஆனா பைனீனும் லினலூலும் ஒரே பத்து கார்பன் டெர்பீன் குடும்பம்தான், அதனால பாஸ் மார்க் போட்டுடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். மோந்தா நமக்குத் தெரியுற லினலூல், ஜெரனியால் எல்லாம் ஒரு பங்குதான். இந்தத் திராட்சைக்குள்ள அதைவிட அதிகமா, வாசனையே இல்லாம, ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அதே மூலக்கூறுகள், ஆனா ஒரு சர்க்கரையோட கட்டிப்போட்ட மாதிரி. கிளைகோசைடுன்னு சொல்வோம். சர்க்கரையோட கட்டினதால அது காத்துல பறக்காது, மூக்குக்கு வராது. பழத்துல இருக்கிற நொதி அந்தக் கட்டை அவிழ்க்கலாம். ஆனா சாறுல இருக்கிற புளிப்பும் குளுக்கோசும் அந்த நொதியை வேலை செய்ய விடாது. பாட்டில்ல மாசக்கணக்கா, வருஷக்கணக்கா இருக்கும்போது புளிப்பே மெல்ல மெல்ல ஒண்ணொண்ணா அவிழ்க்கும். அவசரம்னா வெளிய இருந்து நொதி போடணும். என் ப்ராஜெக்ட் இவ்வளவுதான்: நொதி போட்டா எது எவ்வளவு வெளிய வருது, போடாட்டி எவ்வளவு வருதுன்னு அளந்து பார்க்கிறது.

சின்ன வயல்ல ஒயினை விட்டு, உப்பு போட்டு, லேசா சூடு பண்ணி, மேல நிக்கிற ஆவிக்குள்ள ஒரு மெல்லிய ஃபைபரை நீட்டி வெப்போம். அது பிடிச்ச வாசனையை மிஷினுக்குள்ள விடுவோம். அங்க ஒண்ணொண்ணாப் பிரிஞ்சு வரும். இதுவரைக்கும் சாதாரண ஜிசி. அந்த லேப்ல இருந்த மிஷின்ல இன்னொரு வசதி இருந்தது. பிரிஞ்சு வர்ற வாயுவுல ஒரு பங்கு டிடெக்டருக்குப் போகும், இன்னொரு பங்கு ஒரு கண்ணாடிக் குழாய் வழியா மனுஷ மூக்குக்கு. உட்கார்ந்து மோந்து, வாசனை வரும்போது பட்டனை அழுத்தி, என்னன்னு வாய்விட்டுச் சொல்லணும். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். தும்மினா அந்த ரன் போச்சு.

ஒயின் டேஸ்டிங் பேனல்ல சேர்றியான்னு மேடம் கேட்டப்போ நான் முடியாதுன்னேன். வாய்ல ஊத்தித் துப்பிடலாம், விழுங்க வேண்டாம்னு சொன்னாங்க. அதுவும் முடியாதுன்னேன். காரணம் கேட்கல. "அப்போ மூக்கு?"ன்னாங்க.

மூக்கு ஓகேன்னேன்.

முதல் ரன்னை மறக்கவே முடியாது. அந்தக் காலத்துல முதல்ல வெளிய வர்றது அசிட்டால்டிஹைடு, கொஞ்சம் பின்னாடி எத்தனால். குழாய்க்குள்ள இருந்து சுளீர்னு அடிச்சது. கேட் திறந்த மாதிரி இருந்தது. ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வெள்ளைக் கோட் போட்டு, ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கேன், தோள் ரெண்டும் தானா தூக்கிக்கிச்சு. எழுந்திரிக்கலாம்னு நெனச்சேன். ரன்னை நிறுத்தினா சாம்பிள் வீண், அந்த பயத்துல உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. வெறும் ஈரக் காத்து. அப்புறம் கொத்தமல்லி விதை வந்துச்சு. வறுக்காத பச்சை மல்லி, கையில வெச்சு நசுக்கின மாதிரி. "மல்லி!"ன்னு தமிழ்லயே கத்திட்டேன். மேடம் அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. கொஞ்சம் கழிச்சு லேசா எலுமிச்சை இலை. கடைசியில, எழுந்திரிக்கப்போற நேரத்துல, ரோஜா. சும்மா ரோஜா இல்ல. எனக்கு அது வேற எங்கேயோ மோந்த வாசம். "பன்னீர் சோடா"ன்னேன். மேடத்துக்கு அது என்னன்னு விளக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

இங்க ஒரு தமிழ்க் குறிப்பு. எங்கிட்ட வாசனைக்கு இருந்த சொற்கள் ரொம்பக் கம்மி. இங்கிலீஷ்ல நல்லது, கெட்டதுக்கு மேல ஒண்ணும் வராது. தமிழ்ல யோசிச்சப்போதான் மணம், வாசம், வாடை, நெடி, கமறல், கவிச்சி, முடைன்னு அப்பத்தா பேச்சுல கேட்டதெல்லாம் வந்துச்சு. லேப் நோட்ல அதையெல்லாம் எழுதி வெச்சேன். இப்பவும் என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அப்பெண்டிக்ஸ்ல இருக்கு, வைவால எக்ஸ்டர்னல் கேட்டா பார்த்துக்கலாம்.

பத்துப் பதினஞ்சு ரன்னுக்கு அப்புறம் நான் மேடத்தைவிட சீக்கிரம் பட்டன் அழுத்த ஆரம்பிச்சேன். ஒரு நாள் ஒரு வயலைத் திறந்ததுமே, மிஷினுக்குப் போகாமலே, "இது கெட்டுப்போச்சு, காத்து புகுந்திருக்கு"ன்னேன். ஓட்டிப் பார்த்தாங்க. அசிட்டால்டிஹைடு எகிறி நின்னுச்சு. "எங்க பயிற்சி எடுத்தே?"ன்னு கேட்டாங்க. குடிச்சவங்க உடம்புக்குள்ள ஆல்கஹால் மாறுற முதல் பொருளும் அசிட்டால்டிஹைடுதான். அதை நான் பயோகெமிஸ்ட்ரி புக்ல படிக்கிறதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே படிச்சாச்சு. வீட்டுலன்னு சொன்னேன். வீட்டுல ஒயின் செய்வீங்களான்னு கேட்டாங்க. சிரிச்சு வெச்சேன்.

அதே லேப்ல ஒரு நாள் திராட்சைகளோட வம்சாவளிச் சார்ட்டைப் பார்த்துட்டிருந்தேன். டிஎன்ஏ வெச்சு யாருக்கு யார் பிள்ளைன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. தமியோவாசாவுக்கு, அதாவது அந்தச் சின்னக்காய் மஸ்கட்டுக்கு ஒரு பிள்ளை, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அதுக்கு ஒரு பிள்ளை, மஸ்கட் ஹாம்பர்க். கறுப்பு, உருண்டை, விதை இருக்கும். மஸ்கட் ஹாம்பர்க்னா என்னன்னு தெரியுமா? கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதேதான். எங்கப்பா தினம் ஏத்தி இறக்குற கிரேட்டுக்குள்ள இருக்கிறது நான் மோந்துட்டிருக்கிற திராட்சையோட பேத்தி. ருமேனியாக்காரங்க குங்கிலியம்னு சொன்ன அந்தக் குடும்ப வாசத்தை நம்ம ஆளுங்க பன்னீர்னு சொல்லியிருக்காங்க. கெமிஸ்ட்ரிப்படி பார்த்தா நம்ம ஆளுங்க பாஸ். நான் ஏன் குழாய்கிட்ட உட்கார்ந்து பன்னீர் சோடான்னு கத்தினேன்னு அப்பதான் விளங்குச்சு. உடனே அப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்னு கை பரபரத்துச்சு. சொன்னா ஒயினையும் சொல்லணும். ஃபோனை உள்ள வெச்சிட்டேன்.

நவம்பர்ல ரூம்மேட் அவ பாட்டி ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, கொட்னாரிப் பக்கம், யாஷ்ல இருந்து சுமார் 50 கிலோமீட்டர். அவ மாமாவோட பழைய டாசியா கார். கொட்னாரி குன்றுகள் ஸ்வீட் ஒயினுக்குப் பேர் போனது. 1457-ல இருந்து 1504 வரைக்கும் மால்டோவாவை ஆண்ட பெரிய ஸ்தெஃபான் காலத்துக் கதைகள்லயே இந்த ஊர் வந்திருமாம். நாலு திராட்சை இங்க முக்கியம்: கிராசா, ஃபெத்தியாஸ்கா ஆல்பா, ஃப்ரிங்குஷா, அப்புறம் நம்ம தமியோவாசா. காலையில பனிமூட்டம், மதியம் வெயில். அப்படி இருந்தா கிராசா மேல ஒரு பூஞ்சை பிடிக்கும், பாட்ரைடிஸ். தோலைத் துளைச்சு, தண்ணியை இழுத்து, பழத்தைச் சுருக்கி, இனிப்பை ஏத்திடும். உன்னத அழுகல்னு அதைக் கொண்டாடுறாங்க. ஆனா அதே பூஞ்சை தமியோவாசா மேல பிடிச்சா லினலூலையெல்லாம் தின்னுடும். இனிப்பு ஏறும், வாசம் போயிரும். பக்கத்துப் பக்கத்து வரிசை, ஒரே பூஞ்சை, ஒண்ணுக்கு வரம், இன்னொண்ணுக்குச் சாபம். ஒரே கடையில குடிச்சிட்டு ஒருத்தர் சிரிச்சிட்டே வீட்டுக்குப் போறதும் இன்னொருத்தர் வீட்டுல தட்டு பறக்கிறதும் ஞாபகம் வந்துச்சு. இது கெமிஸ்ட்ரி இல்ல, சும்மா தோணினது.

தெற்கே பூசாவ் மாவட்டத்துல பியெத்ரவாசாதான் தமியோவாசாவுக்கு இன்னொரு பெரிய ஊர். 1837-ல அங்க குன்றுல கல் உடைக்கப் போனவங்களுக்குத் தங்கப் புதையல் கிடைச்சது. 22 பொருள்ல 12 மிச்சம். இப்ப புக்கரெஸ்ட் மியூசியத்துல இருக்கு. அங்க போக எனக்குப் பணமும் இல்ல, லீவும் இல்ல.

பாட்டி வீட்டு முற்றத்துலயே திராட்சைப் பந்தல், இலை எல்லாம் கொட்டி வெறும் கொடி. பாட்டி ஒரு ஜக்குல அவங்க வீட்டு ஒயினைக் கொண்டு வந்தாங்க. பொன் நிறம். மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாசம் வந்துருச்சு, ரோஜா, தேன், ஆரஞ்சுத் தோல். குடிக்கிறதுக்கு முன்னாடி பாட்டி டம்ளரைச் சாய்ச்சு நாலு சொட்டு மண்ணுல ஊத்தினாங்க. இறந்து போனவங்களுக்காம். அவங்க வீட்டுக்காரருக்கு. எனக்கு ஊத்த வந்தாங்க, நான் கையை மூடினேன். பாட்டி முகம் சுருங்கிருச்சு, விருந்தாளி வேண்டாம்னா அவமானம்தானே. ரூம்மேட் அவங்க மொழியில ஏதோ சொன்னா. அவளுக்கு மட்டும் நான் அப்பாவைப் பத்திச் சொல்லியிருந்தேன். பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் மண்ணுல ஊத்தின இடத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னாங்க. ரூம்மேட் மொழிபெயர்த்தா: "இவரும்தான்."

உலகத்துலயே தலைக்கு அதிகமா குடிக்கிற நாடுகள்ல ருமேனியாவும் ஒண்ணுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கோயில் பேரு வெச்ச திராட்சை உள்ள ஊர்லயும் வாசப்படியில நின்னு மோந்து பார்க்கிற பிள்ளைங்க இருந்திருக்கும். இதைச் சொல்லாம ரோஜா, தேன்னு மட்டும் எழுதினா அது விளம்பரம். பாட்டி எனக்கு ஒரு கிண்ணத்துல வால்நட்டும் காய்ஞ்ச திராட்சையும் வெச்சாங்க. ஜக்கை என் பக்கத்துல இருந்து எடுத்து மேசையோட அந்தக் கோடிக்கு நகர்த்திட்டாங்க.

ஒயின் எப்படி இருக்கும்னு கேட்டா எங்கிட்ட நாக்கு சாட்சி இல்ல, மூக்கு சாட்சி மட்டும்தான். லேபிள்ல செக்னு போட்டிருந்தா இனிப்பு இல்லாதது, லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை அளவுக்குள்ள. துல்சேன்னா 45 கிராமும் அதுக்கு மேலயும். இந்தத் திராட்சைக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது துல்சேதான், ஆனா இப்ப செக்கும் நிறைய செய்யுறாங்க. மோந்தா ரெண்டும் இனிப்புன்னுதான் தோணும், மூக்கு ஏமாந்துரும். வயசான பாட்டில்ல லினலூல் மெல்ல வேறயா மாறிடும், மல்லிப்பூ வாசம் அடங்கி பிசின் மாதிரி ஒரு கனமான வாசம் வரும். குங்கிலியம்னு பேரு வெச்சவர் ஒருவேளை பழைய பாட்டிலை மோந்தாரோ என்னவோ. அவருக்குப் போட்ட மார்க்கை ஏத்திடலாம்.

ஜனவரி கடைசியில ஊர் வந்தேன். ரெண்டு நாள் தூங்கினேன். மூணாவது நாள் விடியக்காலை அப்பா லோடுக்குக் கிளம்பினாரு, நானும் வர்றேன்னு வண்டியில ஏறிட்டேன். சுருளிப்பட்டித் தோட்டத்துல இன்னும் வெட்டி முடிக்கல. பந்தலுக்குக் கீழ கிரேட்டைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்தோம். டீ வந்துச்சு. சொல்லிட்டேன். ஜூஸ் இல்லப்பா, ஒயின்னு.

அப்பா டீயைக் கீழ வெச்சாரு. "எத்தன மாசம்?"

"நாலு மாசம்."

"குடிச்சியா?"

"இல்ல. ஒரு தடவ தெரியாம, ஜூஸ்னு நெனச்சு." அந்தப் புஸ்ஸுன்னு பொங்கின கதையைச் சொன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். சிரிக்கல.

"அப்ப என்னதான் பண்ணே?"

"மோந்து பார்த்தேன்."

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பந்தலைப் பார்த்துட்டே சொன்னாரு, "நீ வாசப்படிகிட்ட வந்து நிப்பியே பாப்பா. எனக்குத் தெரியும். அதுக்குத்தான் சோம்பு போடுவேன்."

எட்டு வருஷமா அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்னு நெனச்சிட்டிருந்தேன்.

என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு கொத்தை எட்டிப் பறிச்சு, ஒரு பழத்தை நசுக்கி அவர்கிட்ட நீட்டினேன். இதோட பாட்டிதான் அங்க இருக்குன்னு, மல்லி, ரோஜா, தோல்ல இருக்கிறது, சர்க்கரையோட கட்டிக் கிடக்கிறது எல்லாத்தையும் கடகடன்னு சொன்னேன். அப்பா மூக்குகிட்ட வெச்சு இழுத்துப் பார்த்தாரு. இன்னொரு தடவை பார்த்தாரு. வருஷக்கணக்கா குடிச்சா மோப்பம் மங்கும்னு படிச்சிருக்கேன். இருவது வருஷமா திராட்சை ஏத்துறவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியல பாப்பா. இனிப்பா இருக்கும்னு தெரியுது, அவ்வளவுதான். நீ சொல்லு, எப்படி இருக்கு?"

"பன்னீர் சோடா மாதிரிப்பா."

"எந்தக் கடைச் சோடா?"

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல நான் சின்ன வயசுல அவர்கூட போய்க் குடிச்ச கடையைச் சொன்னேன். அது மூடி நாலு வருஷம் ஆச்சாம். அதுக்குள்ள வெட்டு முடிஞ்சு ஆள் கூப்பிட்டாங்க. அப்பா அந்த நசுங்கின பழத்தை வாய்ல போட்டுக்கிட்டு, விதையைத் துப்பிட்டு எழுந்தாரு. "வா, அந்தப் பக்கம் பிடி. முப்பது கிரேட் இருக்கு."